முன்னால் நெருப்பு, உள்ளே குளிர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், ஜனவரி மாதம். தரையிலேயே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ். சொந்தக் கையால் கட்டிய இரண்டு இருக்கை விமானத்தில் ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும் என்பது வானிலைப் பாடத்தின் பொதுக் கணக்கு. 5,000 அடிக்குப் போனால் மைனஸ் 20. கண்ணாடிக் கூரை வழியாக வெயில் இறங்குவதால் தலையும் தோளும் இதமாகவே இருக்கும். கால்தான் பாவம். பெடல்மேல் வைத்த பாதம் கொஞ்ச நேரத்தில் மரத்துப்போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாதத்துக்கு இரண்டு மூன்று அடி முன்னால், ஒரு மெல்லிய எஃகுத் தகட்டுக்கு அப்பால், மணிக்கு 30 லிட்டர் பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கிறது. லிட்டருக்கு 32 மெகாஜூல் என்று வைத்துக் கணக்குப் போட்டால், அது ஏறத்தாழ 265 கிலோவாட் நெருப்பு. அதில் கால் பங்கு, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம், புரொப்பல்லரைச் சுழற்றுகிறது. மீதி 190 கிலோவாட்டுக்குக் குறையாமல் வெறும் சூடாக வானத்தில் கரைகிறது. இரண்டு பேர் உட்காரும் சின்ன அறையைக் கதகதப்பாக வைக்க இரண்டு, மூன்று கிலோவாட் போதும். குளியலறை கீசர் ஒன்று இழுக்கும் அளவு. வீணாகும் சூட்டில் நூற்றில் இரண்டு பங்கை உள்ளே திருப்பிவிட்டால் காரியம் முடிந்தது.

ஆக, சூட்டுக்குப் பஞ்சமில்லை. அதை எந்த வழியாக உள்ளே விடுவது என்பதுதான் கேள்வி. வழி தப்பினால் கால் சூடாகும், ஆள் பிழைக்கமாட்டார்.

பெரிய பயணி விமானங்களில் இந்தக் கவலை பயணிக்குத் தெரியாது. அங்கே பெரும்பாலும் ஜெட் இன்ஜினின் கம்ப்ரசர் பகுதியிலிருந்தே சூடான காற்றை எடுத்து, பதப்படுத்தி, உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். சின்ன விமானம் அப்படியில்லை. வீட்டில் கட்டிய விமானம் என்றால் கட்டியவர்தான் பொறியாளர், மெக்கானிக், சோதனை விமானி எல்லாமே.

வீட்டில் விமானம் கட்டுவது அமெரிக்காவில் நன்றாக வேரூன்றிய பழக்கம். 1953இல் மில்வாக்கி நகரில் பால் போபெரெஸ்னி என்பவர் தொடங்கிய ஈஏஏ என்ற விமானம் கட்டுவோர் சங்கம் இன்று உலகம் முழுக்கக் கிளை பரப்பியிருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் ஆஷ்காஷ் ஊரில் அது நடத்தும் விமானத் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கான சிறு விமானங்கள் வந்து இறங்குகின்றன. சட்டமும் இடம் கொடுக்கிறது. கட்டும் வேலையில் பாதிக்கு மேல் தனியாள்களே, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருந்தால், அந்த விமானத்தைச் 'சோதனை வகை' என்று பதிவுசெய்துகொள்ளலாம். அதற்குச் சான்றளிக்கப்பட்ட விமான இன்ஜின்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஓரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகைப் பாகத் தொகுப்புகளை வாங்கிக் கட்டிப் பறந்தவர்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல். பெரும்பாலோர் லைகமிங் போன்ற வழக்கமான விமான இன்ஜினையே போடுகிறார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் கார் இன்ஜினைத் தேடிப் போகிறது. அந்தக் கூட்டத்துக்குள்ளும் இன்னும் சிறியது, மாஸ்தாவின் ரோட்டரி இன்ஜின்மேல் பித்துப்பிடித்த கூட்டம்.

இந்த இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடாது. பக்கங்கள் சற்றே உப்பிய முக்கோண ரோட்டர் ஒன்று, இடுப்பு ஒடுங்கிய நீள்வட்ட அறைக்குள் ஆடிச் சுழலும். சுழலும்போதே காற்றை இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளிவிடும். வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை. ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல் யோசித்த இந்த வகை இன்ஜின் என்எஸ்யூ நிறுவனத்தில் 1957இல் முதன்முதலாக ஓடியது. அதைப் பிடிவாதமாகக் காப்பாற்றி வளர்த்தது ஜப்பானின் ஹிரோஷிமாவில் இருக்கும் மாஸ்தா. 1967இல் காஸ்மோ ஸ்போர்ட், 1978இல் ஆர்எக்ஸ்-7 என்று கார்கள் வந்தன. 1991 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்தா 787பி முதலிடம் பிடித்தது. விமானம் கட்டுகிறவர்கள் தேடுவது ஆர்எக்ஸ்-7இல் வந்த 13பி இன்ஜின். ரோட்டருக்கு 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1,308 சிசி. கைக்கு அடக்கமான உருவம், அதிர்வில்லாத ஓட்டம், உடையக்கூடிய பாகங்கள் குறைவு. புதிய விமான இன்ஜினுக்குப் பல பத்தாயிரம் டாலர் எண்ணிவைக்க வேண்டும். பழைய கார் உடைக்கும் இடத்தில் கிடைக்கும் 13பி-க்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். வேகமாகச் சுழலும் இன்ஜின் என்பதால் புரொப்பல்லருக்கு நடுவே ஒரு பல்சக்கரப் பெட்டி மட்டும் வைக்க வேண்டும்.

இந்தியாவுக்கும் இந்த இன்ஜின் புதிதல்ல. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் மற்ற ஆய்வுக்கூடங்களோடு சேர்ந்து உருவாக்கிய வாங்கெல் இன்ஜின், நிஷாந்த் என்ற ஆளில்லா விமானத்தை 2009இல் கோலார் அருகே பறக்கவைத்தது. ஆள் இல்லாத விமானம்; ஹீட்டர் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

வீட்டு விமானத்தில் ஹீட்டர் பெரும்பாலும் பிறகு சேர்க்கப்படுவது ஏன்? பல ஆண்டுகள் கட்டி முடித்தவருக்கு எப்போது பறப்போம் என்றுதான் தவிப்பு. தேவையில்லாத ஒவ்வொரு கிலோவும் எதிரியாகத் தெரியும். 13பி-யின் தலைவலியே சூட்டை வெளியேற்றுவதுதான் என்பதால், ரேடியேட்டர் போதுமா, எண்ணெய் ஆறுகிறதா என்பதிலேயே கவனம் போய்விடும். கார் இன்ஜினில் ஹீட்டருக்கென்றே இருக்கும் குழாய் வாய்களைக்கூட அடைத்துவிடுவார்கள். முதல் பறப்பு கோடையில் நடக்கும். நவம்பரில் முதல் உறைபனி விழும்போதுதான் ஞானம் வரும்.

சாதாரணச் சிறு விமானங்களில் ஹீட்டர் என்பது ஒரு தகர உறை, அவ்வளவுதான். இன்ஜினின் சைலன்சரையோ புகைக்குழாயையோ சுற்றி ஓர் உறையைப் போடுவார்கள். வெளிக்காற்று உறைக்கும் குழாய்க்கும் நடுவே புகுந்து சூடேறி, ஒரு ஹோஸ் வழியாக விமானிக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவருக்கு வரும். சுவரில் ஒரு மூடி. விமானி கம்பியை இழுத்தால் மூடி திறந்து சூடான காற்று காலடியில் அடிக்கும். எடை அரை கிலோ, ஒரு கிலோ. காற்றால் ஆறும் இன்ஜினில் வெந்நீர் என்பதே கிடையாது என்பதால், வேறு சுலபமான வழியும் அங்கே இல்லை. செஸ்னா, பைப்பர் எல்லாம் பல பத்தாண்டுகளாக இப்படித்தான் குளிர் காய்கின்றன.

இதில் ஒரே ஒரு பலவீனம். நீங்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் இன்ஜின் கக்கும் புகைக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவுத் தகடு. அது செக்கச்சிவந்து ஆறி, சிவந்து ஆறி, இடைவிடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும் தகடு. அதில் மயிரிழை விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நேராகக் காக்பிட்டுக்குள் வரும். நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் ஆசையாக அதைப் பற்றிக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, பிறகு தூக்கக் கலக்கம், பிறகு நினைவு போகும். உயரத்தில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு என்பதால் எல்லாம் இன்னும் விரைவாக நடக்கும். குளிர்கால இரவில் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழாமல் போனவர்களைக் கொன்றதும் இதே வாயுதான்.

2017 பிப்ரவரியில் நடந்தது கிட்டத்தட்ட நம்ப முடியாத கதை. மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரிலிருந்து கனடாவின் வின்னிபெக் நோக்கி ஒரு மருத்துவர் தன் மூனி விமானத்தில் தனியாகக் கிளம்பினார். வழியில் மயங்கிவிட்டார். தானியங்கி ஓட்டி விமானத்தை நேராகப் பிடித்துக்கொண்டே போனது. கடைசியில் பெட்ரோல் தீர்ந்து, மாநிலத்தின் தெற்கே எலன்டேல் ஊர் அருகே பனி மூடிய வயலில் விமானம் தானாகவே இறங்கிச் சறுக்கி நின்றது. அவர் கண்விழித்து எழுந்து, உதவி தேடி நடந்தார். குற்றவாளி, விரிசல் விட்ட சைலன்சர்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2019 ஜனவரி 21 இரவு, கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பயணம் செய்த பைப்பர் மாலிபு விமானம் கர்ன்ஸி தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. அவர் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின் 58 சதவீதம் இருந்ததாகப் பிரிட்டிஷ் விசாரணையாளர்கள் கண்டார்கள். விமானியையும் அந்த வாயு பாதித்திருக்கக்கூடும் என்பது அவர்கள் முடிவு. விபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் புகைக்குழாயில் தொடங்கிய கசிவு அதில் முக்கியமான கண்ணி. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2022இல் வெளியிட்ட கணக்கு இது: 1982 முதல் 2020 வரை கார்பன் மோனாக்சைடால் நேர்ந்த விமான விபத்துகள் 31, அவற்றில் உயிர்ப்பலி வாங்கியவை 23, இறந்தவர்கள் 42 பேர். அந்த 31 விமானங்களில் வாயுவைக் கண்டறியும் கருவி இருந்தது ஒன்றே ஒன்றில்.

இப்போது ரோட்டரிக்கு வருவோம். வழக்கமான பிஸ்டன் விமான இன்ஜினின் புகை 700 முதல் 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியேறும். 13பி-யின் புகை 900 டிகிரியை எளிதாகத் தாண்டும். எரியறை நீண்டு தட்டையாக இருப்பதால் எரிதல் மெதுவாகப் பரவுகிறது. புகைவாய் திறக்கும்போதும் உள்ளே நெருப்பு அடங்கியிருக்காது. வால்வு மெல்லத் திறப்பது போன்ற தயக்கமும் இல்லை. ரோட்டரின் முனை கடந்த நொடியே துவாரம் திறந்து, புகை அறைந்தது போல வெளியே வரும். சாதாரண இரும்புக் குழாய் இதற்குத் தாக்குப்பிடிக்காது. கார்களுக்குச் செய்த சைலன்சர்களை மாட்டிப் பார்த்தவர்கள், அவற்றின் உள்தடுப்புகள் கருகிச் சிதைந்து பின்பக்கமாகப் பறந்துபோனதைக் கண்டிருக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகில் உயர்ந்த ரகம், இல்லாவிட்டால் ஜெட் இன்ஜின்களில் பயன்படும் இன்கொனெல் என்ற நிக்கல் கலவை என்றுதான் பலரும் போக வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட குழாயைச் சுற்றி உறை போட்டு, அந்தக் காற்றை மூக்குக்குக் கொண்டுவருவதா? சிலர் செய்திருக்கிறார்கள். சூடு அபாரமாகக் கிடைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உறை போட்ட இடத்தில் குழாய்க்குப் பக்கவாட்டுக் காற்று கிடைக்காமல் அது மேலும் சூடேறும். ஹீட்டரை மூடியிருக்கும்போதும் உறைக்குள் காற்று ஓடி வெளியே போகும்படி வைத்தாக வேண்டும். இல்லையென்றால் விரிசலை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. சைலன்சர் உருக்குலைவதையே வழக்கமாகக் கொண்ட இன்ஜினில், சைலன்சரை நம்பி மூச்சுவிடுவது நல்ல யோசனை அல்ல.

நல்லவேளை, இந்த இன்ஜினிடம் வழக்கமான பிஸ்டன் விமான இன்ஜினிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: வெந்நீர். அதாவது, கார்களில் ஊற்றும் அதே கூலண்ட். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்தால் மைனஸ் 35 டிகிரியையும் தாண்டி உறையாது. நம் ஊர்க் காரிலும் ஏசி குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினால் சூடான காற்று வருகிறதல்லவா? சென்னையில் யாரும் அந்தப் பக்கம் திருப்புவதில்லை. திருப்பினால், டாஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் கையளவு ரேடியேட்டர் ஒன்றில் இன்ஜினின் வெந்நீர் ஓடி, மின்விசிறி அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது. மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் கோர் என்பார்கள். விமானத்துக்கும் அதே சரக்குதான். சின்னக் கார் ஒன்றின் ஹீட்டர் கோர், இரண்டு ரப்பர் ஹோஸ், ஒரு தகரப் பெட்டி. புகை எங்கேயும் குறுக்கிடாது. மின்விசிறிகூட வேண்டாம், விமானம் ஓடும் வேகமே காற்றைத் தள்ளிவிடும்.

அதை எங்கே வைப்பது என்பதில் கட்டுகிறவர்களிடையே இரண்டு கட்சி. காரில் இருப்பது போல உள்ளே, காலடியில் வைப்பது ஒரு வழி. சூடு வீணாகாது, வேலையும் சுலபம். ஆனால் கொதிக்கும் நீரின் குழாய்கள் விமானி உட்காரும் அறைக்குள் வந்துவிடுகின்றன. ஒரு கிளிப் தளர்ந்தால் 90 டிகிரி திரவம் காலில் பீய்ச்சும். அதன் ஆவி கண்ணாடியில் படிந்து வெளியே எதுவும் தெரியாது. காரில் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கலாம். 5,000 அடியில் ஓரம் ஏது? ஹீட்டர் கோரை இன்ஜின் பக்கத்திலேயே ஒரு பெட்டிக்குள் வைத்து, சூடான காற்றை மட்டும் சுவரின் துவாரம் வழியாக உள்ளே விடுவது இரண்டாவது வழி. கசிந்தாலும் பெரும்பகுதி வெளியிலேயே போகும். மூடியை அடைத்துவிட்டால் உள்ளே ஒன்றும் வராது. இரண்டாவதே சரி. இன்ஜின் பக்கம் இடம் குறைவு என்பதைத் தவிர முதல் வழிக்குச் சொல்லும் காரணங்களில் வலு இல்லை.

கசிவில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அது காலோடு நிற்காது. கூலண்ட் போனால் இன்ஜின் போகும். 13பி-யின் வார்ப்பிரும்புப் பக்கச் சுவர்களுக்கும் அலுமினிய ரோட்டர் அறைக்கும் நடுவே நீரைத் தடுப்பது ரப்பர் வளையங்கள். ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அவை கருகி, பிறகு இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். அதனால் ஹீட்டருக்குப் போகிற குழாயிலும் திரும்புகிற குழாயிலும் ஒவ்வொரு வால்வு வைத்து, கோடையில் அடைத்துவிடுவது வழக்கம். குழாய் அமைப்பின் மிக உயர்ந்த இடத்தில் ஹீட்டர் கோர் அமைந்துவிட்டால் அங்கே காற்றுக்குமிழி தங்கும். குமிழி தங்கிய இடத்தில் நீர் ஓடாது. புதிதாக ஹீட்டர் மாட்டிய பிறகு சூடே வரவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

அடுத்த இடம் தெர்மோஸ்டாட், அதாவது சூடேறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு. வீட்டு விமானத்தின் ரேடியேட்டரை, கோடை வெயிலில் முழு வேகத்தில் மேலேறும் கடுமையான நேரத்தை மனத்தில் வைத்துத்தான் அளவெடுப்பார்கள். அதே ரேடியேட்டர் ஜனவரியில் அளவுக்கு மீறிப் பெரியது. தெர்மோஸ்டாட் அடைத்துக்கொண்டால் ஆபத்து என்று அதைக் கழற்றிவிட்டவர்களுக்கு, குளிர்காலத்தில் கூலண்ட் 60 டிகிரியைத் தாண்டவே திணறும். பிறகு ஹீட்டரில் எங்கிருந்து சூடு வரும்? தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடலாம், ரேடியேட்டரின் ஒரு பகுதியைத் தகட்டால் மறைக்கலாம், காற்று வெளியேறும் வாயில் திறந்து மூடும் கதவு வைக்கலாம். எதுவும் செய்யாமல் ஹீட்டர் கோரை மட்டும் பெரிதாக்குவது பணத்துக்குக் கேடு.

இவ்வளவு குழாய் வேலையும் வேண்டாம் என்பவர்களுக்குச் சிக்கனமான வழி ஒன்று இருக்கிறது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடாகத்தானே இருக்கிறது? ரேடியேட்டரின் முதுகில் ஒரு சிறு பகுதியை மட்டும் தகரப் புனல் வைத்து மூடி, அதிலிருந்து 2 அங்குல ஹோஸ் ஒன்றைச் சுவருக்கு இழுத்துவிடுகிறார்கள். புதிய இணைப்பு ஒன்றுகூட இல்லை, கசிய எதுவும் சேரவில்லை. எண்ணெய்க் கூலரின் முதுகிலும் இதையே செய்யலாம்; ரோட்டரின் உட்பக்கத்தை எண்ணெய்தான் ஆற்றுகிறது என்பதால், இன்ஜினை ஆற்றும் வேலையில் மூன்றில் ஒரு பங்கு அதன் தலையில். ஆனால் எண்ணெய்க் கூலர் கசிந்தால் அறைக்குள் எண்ணெய்ப் புகை மண்டும் என்பதால் ரேடியேட்டரே மேல். இந்த முறையில் காற்று சுடாது, வெதுவெதுப்பாகத்தான் வரும். ஜார்ஜியாவிலோ டெக்சாஸிலோ பறக்கிறவருக்கு அது போதும். மினசோட்டாக்காரருக்குப் போதாது.

இன்ஜின் பின்னால் இருக்கும் விமானங்களுக்கு இது வேறு கணக்கு. பர்ட் ருட்டன் 1970களில் வடிவமைத்த வாரிஈஸீ, லாங்-ஈஸீ, அவற்றின் வழியில் வந்த கோஸி போன்றவற்றில் புரொப்பல்லர் வாலில் இருந்து தள்ளும். விமானியின் கால் விமானத்தின் மூக்கில், நெருப்பு முதுகுக்குப் பின்னால். சூடான காற்றை அத்தனை தூரம் குழாயில் கொண்டுவந்தால் வரும் வழியிலேயே ஆறிவிடும். வெந்நீரையே மூக்கு வரை கொண்டுபோகலாம். கூலண்ட் அளவும் எடையும் கூடும், குழாயும் அறைக்குள் ஓடும். பலர் சண்டைக்கே போகாமல், மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் போடும் மின்சார ஜாக்கெட்டும் காலுறையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஆளைச் சூடாக்க நூறு வாட் போதும். அறையையே மின்சாரத்தால் சூடாக்க நினைத்தால் நடக்காது: 14 வோல்ட்டில் 60 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டரின் முழு பலமே 840 வாட். அதிலிருந்துதான் இன்ஜினின் பெட்ரோல் பம்ப்பும் தீப்பொறியும் ஓட வேண்டும்.

எந்த வழியானாலும் கடைசியில் எல்லாம் ஒரு துவாரத்துக்கு வந்து நிற்கின்றன. விமானிக்கும் இன்ஜினுக்கும் நடுவேயுள்ள அந்த எஃகுத் தகட்டின் பெயர் ஃபயர்வால். இன்ஜின் பக்கம் தீப்பிடித்தால், தரையிறங்கும் வரை நெருப்பை அந்தப் பக்கமே நிறுத்திவைப்பது அதன் ஒரே வேலை. தீத்தாங்கும் பொருள் என்று அமெரிக்க விமானத் துறை ஏற்க வேண்டுமானால் சுமார் 1,100 டிகிரி சுடரை 15 நிமிடம் தாங்க வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். ஹீட்டருக்காக அந்தச் சுவரில் 2 அங்குல ஓட்டை போட்டு, அதன் மூடியை அலுமினியத்தில் செய்தால், சுவரை எஃகில் செய்ததற்கே அர்த்தமில்லாமல் போகிறது. பெட்டியும் மூடியும் துருப்பிடிக்காத எஃகில் இருக்க வேண்டும். கம்பி அறுந்தாலும் மூடி சுருள்வில்லால் தானாக அடைத்துக்கொள்ள வேண்டும். மூடிக்கு முன்னால் வரும் ஆரஞ்சு நிற சிலிக்கோன் ஹோஸ் தீயில் முதலில் எரிந்துபோகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

துவாரத்தில் நுழையும் காற்று வெளியேற ஒரு வழியும் வேண்டும். இதைப் பலர் யோசிப்பதில்லை. காக்பிட் இறுக்கமாக மூடியிருந்தால் ஹீட்டரைத் திறந்தும் காற்று வராது. ஓட்டை உடைசல் நிறைந்திருந்தால் அதற்கு நேர்மாறு: பறக்கும்போது கண்ணாடிக் கூரையைச் சுற்றி அழுத்தம் குறைவதால், வால் பக்கத்து இடுக்குகளிலிருந்து குளிர்காற்று விமானத்தின் உடலுக்குள்ளே முன்னோக்கி இழுபட்டு வரும். விமானியின் முதுகைக் குத்துவது அந்தக் காற்றுதான். விமானத்தின் வயிற்றடியில் ஓடும் புகையும் அதே வழியாக நுழையலாம். ஹீட்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இருக்கைக்குப் பின்னால் ஒரு துணித் திரை, இறக்கை இணைப்பில் ரப்பர் பட்டை, கட்டுப்பாட்டுத் தண்டின் அடியில் ஓர் உறை என்று அடைத்துவிட்டால், இருக்கிற ஹீட்டரே இருமடங்கு வேலை செய்வதுபோல் தோன்றும். குளிருக்கு ஹீட்டர் சேர்க்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது இந்த அடைப்பு வேலை. செலவு சொற்பம்.

வெந்நீர் ஹீட்டர் போட்டுவிட்டோம், புகை பயமில்லை என்று கருவி வாங்காமல் விடுவதும் தவறு. இன்ஜின் அறைக்குள் புகைக்குழாய் எங்கே விரிந்தாலும், ஹீட்டர் பெட்டி அந்த அறையின் காற்றை இழுத்தால் வாயு உள்ளே வரும். ஆகவே ஹீட்டருக்கான காற்று வெளியிலிருந்து நேராக வர வேண்டும். சான்றளிக்கப்படும் விமானங்களில் 20,000 பங்கு காற்றில் ஒரு பங்குக்கு மேல் கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடாது என்று அமெரிக்க விதி சொன்னது. பத்து லட்சத்தில் 50 பங்கு. வீட்டு விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாவிட்டாலும் வாயு ஆளைப் பார்ப்பதில்லை. வீடுகளில் மாட்டும் கருவி இதற்கு உதவாது; அமெரிக்கத் தரப்படி அது பத்து லட்சத்தில் 70 பங்கு இருந்தால்கூட ஒரு மணி நேரம் கழித்துத்தான் கத்தும். நிறம் மாறும் அட்டைகள் சில டாலருக்குக் கிடைக்கின்றன, ஆனால் நாளாக நாளாக வலுவிழக்கும், அதைப் பார்க்கும் நினைவும் விமானிக்கு இருக்க வேண்டும். குறைந்த அளவிலேயே எண்ணைக் காட்டி, காதில் விழும்படி ஒலிக்கும் மின்னணுக் கருவிதான் வேண்டும். பாதுகாப்பு வாரியம் இதைக் கட்டாயமாக்கச் சொல்லி 2004இல் ஒருமுறையும் 2022இல் மறுமுறையும் கேட்டிருக்கிறது.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் நண்பர் தன் சின்ன விமானத்தில் ஒரு சுற்று கூட்டிப்போகிறேன் என்று குளிர்காலத்தில் அழைத்தால், தாராளமாகப் போங்கள். ஏறும் முன் கார்பன் மோனாக்சைடு கருவி எங்கே என்று கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். மேலே போனபின் தலை வலித்தாலோ தூக்கம் வந்தாலோ கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்: ஹீட்டரை மூட வேண்டும், வெளிக்காற்றுத் துவாரங்களை முழுக்கத் திறக்க வேண்டும், பக்கத்தில் எந்த ஓடுதளம் இருக்கிறதோ அதில் இறங்கிவிட வேண்டும்.